வளரிளம் பிள்ளைகளின் அடையாளமும் விழுமியங்களும்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளிலும் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றைப் பெற்றோர் கேட்டார்கள், சிலவற்றை ஆசிரியர்கள். நெஞ்சில் தைத்த சில கேள்விகளைப் பிள்ளைகளே கேட்டார்கள்.

விழுமியம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதற்கும் அடையாளத்துக்கும் என்ன சம்பந்தம்?

வாழ்க்கையில் எது முக்கியம் என்று ஒருவர் மனதுக்குள் வைத்திருக்கும் வரிசைதான் விழுமியம். நேர்மை, பெரியவர்களுக்கு மரியாதை, சொந்தமாக முடிவெடுப்பது, பாதுகாப்பு, நாலு பேர் மத்தியில் பேர் வாங்குவது, அடுத்தவருக்கு உதவுவது எல்லாமே எல்லாருக்கும் வேண்டியவைதான். இரண்டு ஒன்றோடொன்று மோதும் நேரத்தில் எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறோம்.

நான் யார், யாரோடு சேர்ந்தவன் என்ற கேள்விக்கான பதில் அடையாளம். ஒரே அடையாளத்தை இரண்டு பேர் இரண்டு காரணத்துக்காகப் பிடித்திருப்பார்கள். 'நான் மதுரைக்காரன்' என்று ஒரு பையன் சொல்வது, வந்தவருக்கு வயிறாரச் சோறு போடும் ஊரில் பிறந்தோம் என்ற சந்தோஷத்தில் இருக்கலாம். 'எவனும் எங்ககிட்ட மோத முடியாது' என்ற வீம்பிலும் இருக்கலாம். சொல் ஒன்றுதான், அதைத் தாங்கி நிற்கும் விழுமியம் வேறு. அதனால் பிள்ளை எந்த அடையாளத்தைச் சொல்கிறான் என்பதோடு நின்றுவிடாமல், அதை எதற்காகச் சொல்கிறான் என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் வரும் எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது அந்த ஒரு கேள்விதான்.

இந்த விழுமியங்களை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

நிறையப் பேர். அவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ். 20 நாடுகளில் செய்த ஆய்வை வைத்து 1992-ல் அவர் பத்து வகை விழுமியங்களை வரிசைப்படுத்தினார்: சுயமாகத் தீர்மானித்தல், புதுமை நாட்டம், இன்பம், சாதனை, அதிகாரம், பாதுகாப்பு, கட்டுப்பாட்டுக்கு இணங்குதல், மரபு, நெருங்கியவர் மேல் அக்கறை, எல்லா மனிதருக்கும் இயற்கைக்குமான நலம்.

இவற்றை அவர் ஒரு வட்டமாக அடுக்கினார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை இழுபறி செய்யும். மரபும் கட்டுப்பாடும் பாதுகாப்பும் ஒரு பக்கம், சுயமுடிவும் புதுமையும் அதற்கு எதிர்ப்பக்கம். 'முடி வெட்டுறா' என்று அப்பா சொல்வதும் 'என் தலை, என் இஷ்டம்' என்று மகன் சொல்வதும் இந்த அச்சில் நடக்கும் சண்டை. அதிகாரமும் சாதனையும் இன்னொரு பக்கம். அவற்றுக்கு எதிரே நிற்பது நெருங்கியவர் மேலான அக்கறையும் எல்லாருக்குமான நலமும்.

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. 'உலகத்தைப் பற்றி யோசிக்கிற பிள்ளை ஊரை மறந்துவிடும்' என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த வட்டத்தைப் பார்த்தால், எல்லாருக்குமான நலத்துக்கு நேர் எதிரே மரபு இல்லை, அதிகாரம்தான் இருக்கிறது. மரபுக்கும் உலக நலத்துக்கும் நடுவே இருப்பது நெருங்கியவர் மேலான அக்கறை. அந்த வழியாக இரண்டுக்கும் போய்வரலாம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஏன் திடீரென்று 'நாங்க', 'அவங்க' என்ற பேச்சு வருகிறது?

அந்த வயதின் வேலையே அதுதான். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-களிலிருந்தே இதைச் சொன்னார்: 'நான் யார்' என்று தேடுவது வளரிளம் பருவத்தின் மையமான வேலை, அதைத் தவிர்த்துத் தாண்ட முடியாது. 1966-ல் ஜேம்ஸ் மார்சியா அதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடவும் இல்லை, பிடிப்பும் இல்லை என்பது ஒன்று. தேடாமலேயே வீட்டில் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்வது இன்னொன்று. தேடிக்கொண்டே இருப்பது மூன்றாவது. தேடி, யோசித்து, இதுதான் நான் என்று நிற்பது நான்காவது.

நம் வீடுகளில் இரண்டாவது நிலையை 'நல்ல பிள்ளை' என்றும் மூன்றாவது நிலையை 'கெட்டுப்போகிறான்' என்றும் சொல்லிவிடுகிறோம். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். தேடுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். அடித்து அடக்கினால் அவன் தேடலை நிறுத்த மாட்டான், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேடுவான்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். பிள்ளைக்குக் குழப்பம் வராதா?

வராது. கேலி செய்தால்தான் வரும்.

மதுரையில் சௌராஷ்டிர மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியை வீட்டில் பேசிக்கொண்டு, பட்டு நெய்து, சுங்குடிச் சேலையை மதுரையின் பேராகவே ஆக்கியவர்கள். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க ஆற்றுக்குள் நிற்கும் கூட்டத்தில் யார் வீட்டில் எந்த மொழி என்று யாரும் கேட்பதில்லை. அழகர் வண்டியூருக்குப் போவதையும் துலுக்க நாச்சியார் என்ற முஸ்லிம் பெண்ணின் கதையையும் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளத்தோடு வாழ்வது இங்கே புதிதல்ல.

இன அடையாளத்தைப் பற்றி ஆராய்ந்த ஜீன் ஃபின்னி என்ற உளவியலாளர், தன் இனத்தைப் பற்றி யோசிக்காத நிலை, தேடும் நிலை, தெளிந்து ஏற்கும் நிலை என மூன்று கட்டங்களைச் சொல்கிறார். தேடும் கட்டத்தில் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் வேண்டும். 'நாம எங்கிருந்து வந்தோம்? நம்ம எழுத்து எங்கே? ஏன் நமக்கு வாசிக்கத் தெரியல?' சௌராஷ்டிர எழுத்து 2008 முதல் யூனிகோடில் இருக்கிறது, கணினியிலேயே அடிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும்.

தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகளுக்கும், வேலைக்காக வடக்கிலிருந்து வந்து இங்கே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருக்கும் வீடுகளுக்கும் இதே பதில்தான்.

கீழடியைப் பற்றிப் பேசினாலே என் மகள் உணர்ச்சிவசப்படுகிறாள். இது நல்லதா?

நல்லது. மதுரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், சிவகங்கை மாவட்டத்தில், 2014-ல் தோண்டத் தொடங்கிய இடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. தன் மொழி பேசியவர்கள் பானை ஓட்டில் பேர் கீறி வைத்திருப்பதைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மனசு பொங்கத்தான் செய்யும். கூட்டிக்கொண்டு போங்கள். பார்த்துவிட்டு வரும் வழியில் ஒன்று கேளுங்கள்: 'இதில் உனக்குப் பிடித்தது எது?' எழுத்து என்பாள், நெசவு என்பாள், செங்கல் கட்டுமானம் என்பாள். 'நாமதான் உலகத்துக்கே முதல்' என்று மட்டும் சொன்னால், இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அறிவின் மேல் வரும் பற்று வேறு, மேலே நிற்க வேண்டும் என்ற ஆசை வேறு.

என் மகன் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். சாமிக் கயிறு என்கிறான். நான் என்ன செய்ய?

முதலில் கயிற்றை அறுக்காதீர்கள். அவனோடு உட்காருங்கள்.

தென் மாவட்டங்களில் கயிற்றின் நிறமும் நெற்றிப் பொட்டும் பனியனும் பைக் ஸ்டிக்கரும் சாதியைச் சொல்லும் அடையாளங்களாக இருப்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை இதைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படிப்பவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற சாதி அடையாளங்களை மாணவர்கள் அணியக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் அடக்கம்.

கயிறு ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை விளக்கம் தருகிறது. ஹென்றி தாஜ்ஃபெல் என்பவர் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சிறைபட்டு உயிர் தப்பியவர். நாஜிகளின் இனப்படுகொலையில் தன் குடும்பத்தை இழந்தவர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பையன்களை வைத்து அவர் செய்த சோதனை 1971-ல் வெளியானது. இரண்டு ஓவியர்களில் யார் படம் பிடிக்கிறது என்று கேட்டு, அதை வைத்துக் குழு பிரித்ததாகப் பையன்களிடம் சொன்னார்கள். உண்மையில் பிரித்ததற்குக் காரணமே இல்லை. முகம் தெரியாத மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது, பையன்கள் தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. தன் குழுவுக்கு அதிகக் காசு கிடைப்பதைக் காட்டிலும், அடுத்த குழுவைவிட வித்தியாசம் பெரிதாகத் தெரிவதைப் பலர் விரும்பினார்கள்.

ஒன்றுமே இல்லாத பிரிவுக்கே இந்தக் கதி. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்த பிரிவு என்ன செய்யும்!

அவனோடு பேசும்போது கேட்க வேண்டியது: இந்தக் கயிறு உனக்கு என்ன தருது? 'கட்டலன்னா என்னை யாரும் சேத்துக்க மாட்டாங்க' என்றால் அவனுக்கு வேண்டியது பாதுகாப்பும் சேர்க்கையும். அதை வேறு வழியில் கொடுக்க முடியும். கபடிக் குழு, பறை, சிலம்பம், நூலகம், எதுவாகவும் இருக்கலாம், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கலந்த இடமாக இருக்க வேண்டும். 'நாங்க யாருன்னு காட்டணும்' என்றால் அது அதிகாரம். அங்கே பேச்சு நீளமாகும். வீட்டில் யார் அந்தப் பேச்சைப் பேசுகிறார்கள் என்றும் நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும். பிள்ளை இதைப் பள்ளியில் மட்டும் கற்றுக்கொள்வதில்லை.

(ஒரு பதினாறு வயது மாணவர்) எங்க தாத்தாக்கள் பட்ட பாட்டைச் சொன்னாக்கூட சாதிவெறினு சொல்றீங்க. எங்க வரலாற்றை நாங்க பேசக் கூடாதா?

பேச வேண்டும் தம்பி. நன்றாகத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை பதிய மறுத்த மக்கள்மேல் பிரிட்டிஷ் போலீஸ் சுட்டது. பிறப்பாலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று எழுதி வைத்த சட்டம் அது. அதை எதிர்த்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அதை நினைத்துத் தலை நிமிர்வதில் தப்பே இல்லை.

மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, பட்டியல் சமூகத்தவர் ஊராட்சித் தலைவரானதற்காக அவரையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். உத்தப்புரத்தில் பட்டியல் சமூகத்தவரின் தெருக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் இடிக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கும் தாத்தாக்கள் உண்டு, வரலாறு உண்டு.

இப்போது நீ யோசிக்க வேண்டியது இது. 'பிறப்பை வைத்து எங்களைக் கேவலப்படுத்தினார்கள்' என்ற நினைவிலிருந்து இரண்டு பாதை பிரிகிறது. 'அதனால் யாரையும் பிறப்பை வைத்துக் கேவலப்படுத்தக் கூடாது' என்பது ஒன்று. 'அதனால் இனி நாங்கதான் மேலே' என்பது இன்னொன்று. முதல் பாதையில் உன் வரலாறு உன்னை நீதியின் பக்கம் கொண்டுபோகிறது. இரண்டாவது பாதை, உன் தாத்தாவைச் சுட்டவர்கள் எதை நம்பினார்களோ அதையே உன்னையும் நம்ப வைக்கிறது.

1939 ஜூலை 8 அன்று ஏ. வைத்தியநாத ஐயர், அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சமூகங்களைச் சேர்ந்த கக்கனும் இன்னும் சிலரும் உடன்வர மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனதையும் படித்துப் பார். வைத்தியநாத ஐயரின் சொந்தச் சமூகத்தில் பலர் அவரை எதிர்த்தார்கள். தன் மரபை அவர் விடவில்லை, அதற்குள் எது முக்கியம் என்பதைத் தானே தீர்மானித்தார்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது சாதி, மதம், ஊர் எல்லாம் மறந்து பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தார்களே. அந்த உணர்வு ஏன் நிலைக்கவில்லை?

ஒரு அடையாளத்தை யாராவது சீண்டும்போது அது முன்னுக்கு வரும், மற்றவை பின்னுக்குப் போகும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் 'தமிழர்' என்பது மற்ற எல்லாவற்றையும் மூடியது. சட்டம் வந்தது, சீண்டல் போனது, பழைய அடையாளங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பின. அந்த நாட்களில் குப்பை அள்ளியதும், ராத்திரி முழுக்கப் பெண்பிள்ளைகள் பயமில்லாமல் உட்கார்ந்திருந்ததும், யார் வீட்டுச் சோறு என்று கேட்காமல் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டதும் விழுமியங்கள். அவற்றுக்குக் காளை தேவையில்லை, பழக்கம் போதும். அந்தப் பழக்கத்தை நாம் பள்ளியிலும் தெருவிலும் தொடரவில்லை.

என் பெண் கொரியப் பாட்டுத்தான் கேட்கிறாள், கொரிய மொழி கற்கிறாள். உலகக் குடிமகள் என்கிறாள். நம் பண்பாடு கைவிட்டுப் போகிறதா?

உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2002-ல் எழுதியது இதற்குப் பொருந்தும். உலகமயமான காலத்துப் பிள்ளைகள் ஊர் அடையாளம் ஒன்று, உலக அடையாளம் ஒன்று என இரண்டையும் சேர்த்து வளர்த்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். கொரியப் பாட்டுக்கு ஆடும் அதே பெண் ஆடி மாதம் கூழ் வாங்கக் குண்டானோடு நிற்கிறாள். அவளுக்கு அதில் முரண்பாடு தெரிவதில்லை. முரண்பாடு இல்லவும் இல்லை.

ஆனால் அவளிடம் நான் மென்மையாகச் சொல்வது ஒன்றுண்டு. பிற நாட்டுப் பாட்டும் உடையும் சாப்பாடும் பிடிப்பது இன்பமும் புதுமை நாட்டமும். அது நல்ல தொடக்கம். முகம் தெரியாத நாட்டில் ஒரு பிள்ளைக்குப் பசித்தால் எனக்கும் வலிக்கிறது என்பது வேறு ஒன்று. சாம் மெக்ஃபார்லண்டும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் மனிதகுலம் முழுவதோடும் தன்னைச் சேர்த்துப் பார்க்கும் உணர்வை அளக்க ஒரு வழி கொடுத்தார்கள். அந்த உணர்வு உள்ளவர்களிடம் மனித உரிமை மேல் அக்கறை கூடுதலாகவும், தன் இனமே பெரிது என்ற எண்ணம் குறைவாகவும் இருந்ததைக் கண்டார்கள். கைப்பேசியில் எந்த நாட்டுப் பாட்டு ஓடுகிறது என்பதை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

ஊர்ப்பற்றும் உலகப்பற்றும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா?

அரிட்டாபட்டிக்குப் போய்ப் பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். மலையில் சமணர் படுக்கையும் பழந்தமிழ் எழுத்தும் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன, கண்மாய்களும் பருந்துகளும் இருக்கின்றன. 2024 கடைசியில் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது தெரிந்ததும் சுற்று வட்டார ஊர்களே திரண்டன. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் மக்கள் நடந்து வந்தார்கள். அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. 'எங்க சாமி மலை' என்றவர்களும் 'அரிய பறவைகளின் வாழிடம்' என்றவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மரபும் இயற்கை நலமும் கைகோத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதற்கு மேல் பாடம் வேண்டாம்.

இன்னொன்று, டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. காசில்லாத கிராமத்துக் கண்களுக்காகத் தொடங்கியது. இன்று பல நாட்டு மருத்துவர்கள் கற்றுக்கொள்ள இங்கே வருகிறார்கள்.

(இலங்கைத் தமிழர் முகாமில் வளரும் மாணவி) நான் இங்கதான் பிறந்தேன், இங்கதான் படிக்கிறேன். 'நீ சிலோன்காரி'ங்கிறாங்க. நான் யாரு?

நீ கேட்பது உன் மனசு சார்ந்த கேள்வி மட்டும் இல்லை, சட்டம் சார்ந்ததும்தான். அதனால் மறைக்காமல் சொல்கிறேன் மகளே. இலங்கையிலிருந்து 1983 முதல் தமிழர்கள் உயிர் தப்பி வந்தார்கள். ஆனையூர், திருவாதவூர் போன்ற முகாம்களில் இன்று வளர்வது இங்கே பிறந்த தலைமுறை. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்தவர் குடிமகனாக வேண்டுமானால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. அதனால் இங்கேயே பிறந்தும் உன்னைப் போன்ற பலருக்குக் குடியுரிமை இல்லை. இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். 2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பேர் மாறியது நல்லது, காகிதமும் மாற வேண்டும்.

ஆனால் நீ யார் என்பதைக் காகிதம் முழுதாகச் சொல்லாது. அம்மம்மாவின் யாழ்ப்பாணத்துப் பேச்சும் உனக்குச் சொந்தம், நீ பேசும் மதுரைப் பேச்சும் சொந்தம். எதையும் ஒளிக்க வேண்டாம். உன் வகுப்பில் யாராவது கேலி செய்தால் அது அவர்கள் வீட்டில் கற்ற பாடத்தின் குறை, உன் பிறப்பின் குறை இல்லை. ஆசிரியரிடம் சொல், சொல்லத் தயங்காதே.

இதெல்லாம் பேசினால் மார்க் வருமா?

சாதனையும் ஒரு விழுமியம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றும் ஊர் இது. அதை மட்டுமே ஊட்டி வளர்த்தால் பிள்ளை பக்கத்துப் பெஞ்சில் இருப்பவனைப் போட்டியாளனாக மட்டுமே பார்ப்பான்.

ஆசிரியராக வகுப்பில் நான் என்ன செய்யலாம்?

அறிவுரை கொடுக்காதீர்கள், வேலை கொடுங்கள். அமெரிக்காவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 1954-ல் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்து முகாமில் தங்கவைத்தார். போட்டி வைத்ததும் சண்டை மூண்டது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவைத்தும் தீரவில்லை, உணவை எறிந்து சண்டை போட்டார்கள். தண்ணீர் வரத்து நின்றபோது சேர்ந்து சரிசெய்ய வேண்டி வந்தது, லாரி நின்றபோது சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது. அப்போதுதான் பகை தணிந்தது.

உங்கள் பள்ளியில் அப்படி ஒரு லாரி எது என்று பாருங்கள். பள்ளி வளாகத்தில் மரம் நட்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றுவது, ஊர்க் கண்மாயின் வரத்துக் கால்வாயை வரைபடம் போடுவது, ஊரின் மூத்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது. குழு பிரிக்கும்போது வருகைப் பதிவேட்டு வரிசையில் பிரிக்காதீர்கள், பிள்ளைகளே சேர்ந்துகொள்ளவும் விடாதீர்கள். தெருவாகத்தான் சேர்வார்கள். நீங்கள் கலந்து பிரியுங்கள்.

வகுப்பில் பிள்ளையின் சாதியை எக்காரணத்துக்காகவும் சத்தமாகச் சொல்லாதீர்கள். உதவித்தொகைப் படிவம் கொடுக்க வேண்டுமென்றால் தனியாக அழைத்துக் கொடுங்கள்.

வீட்டில் இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது? உட்காரச் சொன்னாலே எழுந்து போகிறான்.

நேருக்கு நேர் உட்காரவைத்தால் விசாரணை மாதிரி இருக்கும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, தோசை சுடும்போது, ராத்திரி மாடியில் காற்று வாங்கும்போது பேசுங்கள். 'நீ ஏன் இப்படி' என்று தொடங்க வேண்டாம். உங்கள் கதையைச் சொல்லுங்கள்: உங்கள் பதினைந்து வயதில் நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள், யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, உங்களை யார் சேர்த்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அன்றைக்கே பதில் வர வேண்டியதில்லை. அவன் கூட்டாளிகளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லுங்கள். யார் வந்தாலும் ஒரே தட்டு, ஒரே டம்ளர்.